பானெட்டுக்குள் ஓர் உளுந்து வடை

தி. நகரில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. இட்லிப் பானை வாங்க வருகிறவர்களிடம், "தட்டு ஒரு செட் எக்ஸ்ட்ரா எடுத்துக்குங்க, பின்னாடி இந்த சைஸ் கிடைக்காது" என்று சொல்லியே பாதி வாழ்க்கையை ஓட்டியவன் நான். அதனால் கார் சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சார், இன்ஜின் கிளீனிங் போட்டுடலாமா?" என்று கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் எனக்கு எக்ஸ்ட்ரா தட்டு விற்கிறார்.

அந்தக் கேள்வியின் அழகைக் கவனியுங்கள். 'வேண்டுமா' என்று கேட்கவில்லை. 'போட்டுடலாமா' என்று கேட்டார். ஏற்கெனவே முக்கால்வாசி போட்டாகிவிட்டது, நான் தலையை ஆட்டுவதுதான் பாக்கி என்பது போல. தொழில் தெரிந்தவர். மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"பண்ணலேன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். பண்ணா நல்லா இருக்கும்."

"யாருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் அவர் கேட்பதும், நான் யாருக்கு என்று கேட்பதும், அவர் அழிப்பதும் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது.

எனக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. அதை வீட்டில், கடையில், லஸ் பக்கத்துப் பூங்காவில் நடக்கும்போது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் விளக்கியிருக்கிறேன். காரின் வெளிப்புறத்தைக் கழுவினால் நாலு பேர் பார்ப்பார்கள். உள்ளே சீட்டைத் துடைத்தால் உட்காருகிறவர்களுக்கு நல்லது. பானெட்டுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அடுப்பில் ஏற்றும் குக்கரின் அடியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் அவர்களும் அதை அடுப்பில்தான் ஏற்றுகிறார்கள். என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், வேகமாகத் தண்ணீரை அடித்தால் சென்சாரெல்லாம் கெட்டுப்போகும் என்று வேறு சொல்லிவிட்டார். எனக்குச் சாதகமாக ஒரு இன்ஜினியர் சொன்ன பிறகு இன்னொருவரைக் கேட்பானேன்?

என் மனைவி ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் இந்தக் கொள்கையில் முழுச் சம்மதம். எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதமான விஷயங்கள் அதிகமில்லை என்பதால் அதை நான் பெருமையாகவே வைத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை கடையிலிருந்து கிளம்பித் தேனாம்பேட்டை சிக்னலில் நிற்கிறேன், ஏசியில் உளுந்து வடை வாசனை வருகிறது. பக்கத்தில் டீக்கடை இருக்கும் என்று நினைத்தேன். ஆழ்வார்பேட்டையில் மனைவி ஏறிக்கொண்டாள். பெல்ட்டை மாட்டியதும் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ வடை சுடறா."

"தேனாம்பேட்டையிலயும் சுட்டாங்க."

லஸ் வரைக்கும் சுட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த வாசனையில் இப்போது கொஞ்சம் பழைய எண்ணெயும், கொஞ்சம் கருகலும் சேர்ந்திருந்தது. நான் ஏசியை அணைத்தேன். லஸ் முனையில் வண்டி இரண்டு முறை இருமியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பிறகு நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் என்னைப் பற்றியும் என் வம்சத்தைப் பற்றியும் ஒரே ஹாரனில் சொல்லி முடித்தார். மனைவி இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். நான் வண்டியைக் கட்டி இழுக்கவைத்து மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அந்த மெக்கானிக் என் வயதுக்காரர். வேலையைவிடப் பேச்சு கொஞ்சம் கூடுதல், பேச்சைவிட பில் கொஞ்சம் கூடுதல். மறுநாள் காலை போனபோது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார்.

"டிபன் சாப்ட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன். ஏன்?"

"உங்க வண்டியும் சாப்ட்டுக்கினு கீது. இங்க வந்து பாருங்க."

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி வைத்திருந்தார். ஸ்குரூடிரைவர் முனையில் எதையோ குத்தித் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"வடை கீது சார்."

"தெரியுது."

"இது ஒண்ணு முழுசு. இன்னொண்ணு பாதி துன்னுட்டு வச்சிகீது. தோ, சோறு. எள்ளு போட்ட சோறு. வாழை எலை கூட ஒரு துண்டு எடுத்தாந்து போட்டுகீது. ஃபுல் மீல்ஸு சார்."

"யாரு?"

"எலி சார், வேற யாரு? துன்னுட்டு சும்மா இல்ல, ஒயரக் கடிச்சிகீது. அதான் வண்டி நின்னுட்ச்சி. மாசத்துக்கு ஒரு தபா தொறந்து இன்ஜினை கிளீன் பண்ணிக்கினு இருந்தா இந்த ரோதனையே கெடையாது. போட்டுடலாமா சார்?"

இங்கேயும் எக்ஸ்ட்ரா தட்டு. மற்ற நாளாக இருந்திருந்தால் யாருக்கு என்று கேட்டிருப்பேன். அன்று என் கண் அந்த எள்ளுச் சோற்றிலேயே நின்றது. அது எந்த அடுப்பில் வெந்தது, எந்தக் கை அதைப் பிசைந்தது, யாருக்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அமாவாசை.

இதைச் சொல்லவேண்டுமென்றால் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி மயிலாப்பூர்ப் பெண். கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பல தலைமுறையாக இருந்த வீடு. நான் தெற்கே இருந்து பிழைக்க வந்த பாத்திரக் கடைக்காரர் மகன். எங்கள் கடையில் வாங்கிய காபி ஃபில்டரின் மூடி சரியாக உட்காரவில்லை என்று மாற்ற வந்தாள். மாற்றிக் கொடுத்தேன். மறுபடி வந்தாள், மறுபடி மாற்றிக் கொடுத்தேன். கடைசியாக வந்தபோது மூடி சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் மூடியைப் பற்றிப் பேசவில்லை.

அவள் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. எங்களுக்கு மகள் பிறந்த பிறகு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், பேத்தியைக் கொஞ்சுவார், போய்விடுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார். அவள் ஒவ்வொரு முறையும் காபி கலந்து அவர் முன்னால் வைப்பாள். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். அதில் ஆடை படியும். அவர் போன பிறகு ஆறிப்போன அந்தக் காபியை அவளே சமையலறையில் நின்று குடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கெல்லாம் டம்ளர் விற்கிறேன், என் வீட்டு டம்ளரில் இந்த மனிதர் வாய் வைக்கமாட்டேன் என்கிறார் என்று கத்தியிருக்கிறேன். அவரிடம் இல்லை, அவளிடம்தான்.

அவர் காலமானார். அவள் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் இவள் தினமும் காலையில் சமைத்ததும் ஒரு கவளம் சோற்றைப் பருப்பும் நெய்யுமாகப் பிசைந்து, வாழை இலைத் துண்டில் வைத்து, கீழே காம்பவுண்டு சுவரின் மேல் வைக்க ஆரம்பித்தாள். அமாவாசையன்று எள்ளும், அவருக்குப் பிடித்த உளுந்து வடையும் சேரும். பெண் பிள்ளை இதெல்லாம் செய்ய வேண்டியதில்லை என்று சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் சொல்வார். அதனால் அவள் வாத்தியாரைக் கேட்கவில்லை. சோற்றை வைத்து, கா கா என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மேலே வந்துவிடுவாள்.

முதல் நாள் அரை மணி கழித்து எட்டிப் பார்த்தவள் ஓடிவந்தாள். "சாப்பிட்டுட்டார். இலை காலியா இருக்கு. அப்பா நம்மாத்துல சாப்பிட்டுட்டார்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் என் சந்தோஷம் அத்தனை உயர்ந்த ரகமில்லை. என் கடை வருமானத்தில் வாங்கிய அரிசி ஐயா, சாப்பிட்டீரா இல்லையா என்ற ரகம்.

அப்படி வருடக்கணக்கில் தினமும் இலை காலியாகிக்கொண்டிருந்தது. அந்தச் சோறுதான் இப்போது ஸ்குரூடிரைவர் முனையில் இருந்தது.

மெக்கானிக்கிடம் ஒயரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் என்ன கோளாறு என்று கேட்டாள். ஒயர் தேய்ந்துவிட்டது என்றேன். வடை வாசனை என்ன ஆயிற்று என்றாள். ஒயர் எரிந்தால் அப்படித்தான் வருமாம் என்றேன். ஆடிட்டர் அலுவலகத்துக்காரி, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஆனாலும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. காக்காய் தின்றது போக மிச்சத்தைத்தான் எலி எடுத்திருக்கும், மாமனார் பங்கு மாமனாருக்குப் போயிருக்கும். இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். எங்கள் பார்க்கிங் இடம் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. காரின் மூக்குக்கு நேராகத்தான் அவள் இலை வைக்கும் இடம்.

அவள் வந்தாள். நான் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். சொந்தப் பெண்டாட்டியை வேவு பார்ப்பது அவ்வளவு கௌரவமான வேலையில்லை, கழுத்தும் வலிக்கிறது. கண்ணாடி லேசாக இறங்கியிருந்ததால் அவள் பேசுவது கேட்டது.

"அப்பா, இன்னிக்கு வாழைக்காய் கறி. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிடுத்து, பொறுத்துக்கோங்கோ. அவரோட கார் வேற படுத்தறது. நீங்கதான் பாத்துக்கணும்."

பிறகு கா கா என்று கூப்பிட்டாள். திரும்பிப் போய்விட்டாள். அவள் எனக்காக அவரிடம் சிபாரிசு செய்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

காக்காய் வரவில்லை. தெருமுனையில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை திறந்திருந்தார்கள். எங்கள் தெருக் காக்காய்கள் மொத்தமும் அதன் குப்பைத் தொட்டிக்குக் குடிபோய்விட்டன. பருப்புச் சோற்றைத் திரும்பிப் பார்க்கக்கூட ஒன்றுக்கும் நேரமில்லை. நான் தலையங்கம் வரை படித்துவிட்டேன். அப்போது மழைத்தண்ணீர்க் குழாயின் பின்னாலிருந்து அது வந்தது. நல்ல கனத்த எலி. அவசரமே இல்லை. சுவரேறி, இலையை முகர்ந்து, ஒரு வாய் தின்று பார்த்தது. உப்பைப் பற்றி அதற்குப் புகார் இல்லை. பிறகு இலையோடு சோற்றை இழுத்துக்கொண்டு இறங்கி, நான் உட்கார்ந்திருந்த காருக்கு அடியில் நுழைந்தது. பானெட்டுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. சாமான் இறக்கும் சத்தம் எனக்குத் தெரியாதா?

ஆத்திரத்தில் ஹாரனை அடித்தேன். சத்தம் ஒரு விநாடி நின்றது, பிறகு தொடர்ந்தது. மாடியிலிருந்து எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வழி வேணுமா?" என்று கேட்டார். நின்ற காரில், சுவரைப் பார்த்தபடி, தனியாக ஹாரன் அடிக்கிறவனை வேறென்ன கேட்பார்?

அவளிடம் சொல்லிவிடலாம் என்று மேலே போனேன். அவள் பால்கனியிலிருந்து காலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உப்பு ஜாஸ்தியா இருந்தும் சாப்பிட்டுட்டார்" என்றாள். முகம் பூரித்திருந்தது. உயிரோடு இருந்தவரை ஒரு டம்ளர் காபிக்கு அவளை ஏங்கவைத்தவர், இப்போது ஒரு எலியால் மறுபடி ஒருமுறை வேண்டாம் என்று சொல்வதா? அதை அவள் காதில் போடுகிறவன் நானாக இருக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

சொல்லாமலே சரிசெய்ய என்னென்னவோ பார்த்தேன்.

"சோத்தை மொட்டை மாடியில வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு முழங்கால் வலி. அத்தனை படி ஏறுவாரா?"

"காக்கா பறக்கும்ல?"

"எங்கப்பாவைக் காக்காங்கறீங்களா?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்தவனில்லை. எலிப்பொறி வைக்கலாமா என்று பொதுவாகக் கேட்டதற்கு, அப்பா சாப்பிடுகிற இடத்தில் பொறியா என்று காதைப் பொத்திக்கொண்டாள். பார்க்கிங் இடத்தை மாற்றித்தரக் கேட்டதற்குச் செயலாளர் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்றார், அந்த ஹாரனுக்குப் பிறகு என்னை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். அந்துருண்டை வாங்கி பானெட்டுக்குள் போட்டேன். வண்டி முழுக்கப் பழைய பட்டுப்புடவை பீரோ போல மணத்தது. எலி அவற்றை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

அடுத்த அமாவாசை முடிந்ததும் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். "மாசா மாசம் இன்ஜின் கிளீனிங் போட்டுடுங்க" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். ஒன்றும் ஆகாது, பண்ணினால் நன்றாக இருக்கும் என்ற அந்த டை கட்டியவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. யாருக்கு என்ற கேள்விக்கும் எனக்கு இப்போது பதில் தெரிந்திருந்தது. மெக்கானிக் வடையையும் சோற்றையும் வாரி எடுத்துவிட்டு, காற்றடித்து, ஈரத்துணியால் துடைத்து, கடித்த ஒயருக்கு டேப் சுற்றிக் கொடுப்பார். எலி மறுநாளே புதுக்கணக்கு தொடங்கிவிடும். இலையும் தவறாமல் காலியாகும். அவளும் சந்தோஷமாக ஆபீஸ் போவாள். வேறெதற்குக் கொடுத்த காசும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

சிக்கல் அவளிடமிருந்துதான் வந்தது.

"உங்களுக்கு என்ன ஆச்சு? போன மாசம்தானே இன்ஜினைக் கழுவினது?"

"மழைக்காலம். சேறு உள்ள போகும்."

வெயில் காலம் வந்தது. தூசி என்றேன். அதுவும் போதவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதனால் அழுக்கு சேர்கிறது என்றேன். பூங்காவில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் எத்தனாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் அந்தப் பழியில் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

"குக்கர் அடியைத் தேய்க்கற மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க? பானெட்டைத் தொறந்து யார் பாக்கப்போறான்னு கேட்டதும் நீங்கதான். இன்ஜினியர் மாமா சென்சார் போயிடும்னு சொன்னாரே, அது என்ன ஆச்சு?"

என் கொள்கையை வரிக்கு வரி என்னிடமே ஒப்பித்தாள். என்னைவிட நன்றாகவே சொன்னாள். நான் எதிர்த்தரப்பில் நின்றுகொண்டு தடுமாறினேன். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த மெக்கானிக் என் தலையில் மிளகாய் அரைக்கிறான். ஊரையே ஏமாற்றுகிற பாத்திரக் கடைக்காரரை ஒருவன் மாதாமாதம் ஏமாற்றுவது அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தத் தடவை நானும் வரேன். நானே கேக்கறேன்."

"உனக்கு எதுக்கும்மா அலைச்சல்?"

"லீவு போட்டாச்சு."

முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று பாத்ரூமுக்குள் போய் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் ஏதோ காருக்கு அடியில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. அமாவாசை கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த முறை பாயசமும் வைத்திருந்தாள். மந்தைவெளி போவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

ஷெட்டில் இறங்கியதும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "மாசா மாசம் இன்ஜினை எதுக்குக் கழுவணும்? அப்படி என்ன அழுக்கு சேர்றது? காமிங்கோ, பாக்கறேன்."

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெக்கானிக்கிடம் கண்ணைக் காட்டினேன், உதட்டைக் கடித்தேன், கையை ஆட்டினேன். அவர் இதையெல்லாம் நன்றாகக் கவனித்துவிட்டு, "சாருக்கு கண்ணுல இன்னா, தூசா?" என்று கேட்டார். பிறகு பானெட்டைத் தூக்கினார்.

"வாமா, நல்லா பாரு. அப்பால நீயே சொல்லு நான் ஏமாத்தறனான்னு."

பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சோறு ஒரு மூலையில் குவிந்திருந்தது. அதில் எள் கறுப்பாகத் தெரிந்தது. வடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஓரமாக ஒரு முந்திரிப் பருப்பு.

"இந்த தபா பாயசம் போல கீது" என்றார் மெக்கானிக்.

அவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது என் வடை."

"உங்க வூட்டு வடையா மா? எலி துன்ன மிச்சத்தப் பாத்தாலே தெரியும் மா, நல்ல கை."

"எலியா?"

"எலி தான் மா. டெய்லி எடுத்தாந்து ஸ்டோர் பண்ணிக்கினு கீது. அதுக்குத்தான சார் மாசா மாசம் வந்துக்கினு கீறாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"லஸ்ல வண்டி நின்னுச்சே. அன்னிலேருந்து."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் கழுவிண்டிருந்தேளா?"

இத்தனை வருடத்தில் என்னிடம் அவள் அம்மா வீட்டுப் பேச்சு முழுசாக வருவது அழுகை வரும்போதுதான். எனக்குப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். இனிமேல் இலை வைக்கமாட்டாள், அந்தப் பால்கனியில் நிற்கமாட்டாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் மறுபடி குனிந்து அந்த அடுக்கைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"அப்பாவுக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னுட்டார். அம்மா கண்ணுல காட்டமாட்டா. கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு போவார். மாடவீதி முனையில தள்ளுவண்டியில வடை வாங்கி, பேப்பர்ல சுத்தி, வேஷ்டி மடிப்புல வச்சுண்டு வந்து, பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுப்பார். இப்படியேதான். ஒண்ணு மேல ஒண்ணா. எறும்பு வந்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

"தள்ளுவண்டியில சாப்பிடுவாரா?" என்றேன். என் குரல் எனக்கே உயர்ந்து கேட்டது. எத்தனை வருடக் கோபம். "என் வீட்டுக் காபி ஆகாது, தள்ளுவண்டி வடை ஆகுமா?"

"எதிர்ல யாராவது இருந்தா தொடமாட்டார். யாரும் பாக்கலேன்னாதான் சாப்பிடுவார்." ஓரமாகக் கிடந்த முந்திரியை விரலால் நகர்த்தி வடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் காபியை வச்சுட்டு, எப்பக் குடிப்பார் எப்பக் குடிப்பார்னு எதிர்லயே உக்காந்துண்டிருந்தேன். ஒரு நாளாவது எழுந்து உள்ள போயிருக்கணும்."

அது அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து போயிருந்தாலும் அவர் குடித்திருக்கமாட்டார். அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்தப் பிடிவாதக்காரர்மேல் இத்தனை நாள் நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம், அவள் அதைச் சொன்ன விதத்தில், எங்கேயோ போய்விட்டது.

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கையில் துணி, ஒரு கையில் காற்றுக் குழாய். "அப்ப இன்னா மா, கிளீன் பண்ணட்டா, வேணாவா?"

"பண்ணுங்கோ" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாசா மாசம் பண்ணுங்கோ. ஆனா அமாவாசை ஆன உடனே தொறக்காதீங்கோ. ஒரு வாரம் கழிச்சுத் தொறங்கோ."

"இன்னாத்துக்கு மா?"

"வடை அதுக்குள்ள தீராது. சாவகாசமா சாப்பிடட்டும்."

"அதுக்குள்ள ஒயரக் கட்ச்சிடும் மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கடிச்சா மாத்திக்கலாம்" என்றேன்.